விமான தூரமும் பயண நேரமும்: அந்த இரண்டு எண்கள் எங்கிருந்து வருகின்றன?

நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு எவ்வளவு தூரம் என்று இணையத்தில் விமானத் தூரம் கணக்கிடும் எந்தக் கருவியைக் கேட்டாலும் சுமார் 5,540 கி.மீ. என்ற பதில் வரும். எவ்வளவு நேரம் என்று கேட்டால் பதில்கள் சிதறிவிடும். ஒன்று ஆறரை மணி நேரம் என்று சொல்லும், இன்னொன்று ஏழே கால் என்று சொல்லும். டிக்கெட்டைப் பார்த்தால் லண்டனுக்குப் போக ஏறத்தாழ ஏழு மணி நேரம், நியூயார்க்குக்குத் திரும்ப எட்டு மணி நேரம் என்று இருக்கும். 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்திலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதில் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. தூரம் பூமியின் வடிவத்திலிருந்து வருவது. நாளைக்குக் கேட்டாலும் அதே எண்தான். நேரத்தில் காற்று, திறந்திருக்கும் வான்வெளி, ஓடுபாதைக்கு முன்னால் நிற்கும் வரிசை, விமான நிறுவனத்தின் அட்டவணை என்று பலதும் கலந்திருக்கின்றன. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதனால் முதலில் தூரம், அப்புறம் நேரம்.

எந்தத் தூரத்தைக் காட்டுகிறார்கள்?

கருவிகள் காட்டுவது பெருவட்டத் தூரம். பூமியை அதன் மையம் வழியாக இரண்டு சம பாதிகளாக வெட்டினால், வெட்டு விழுந்த இடத்தில் மேற்பரப்பில் ஒரு வட்டம் கிடைக்கும். அதுதான் பெருவட்டம். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். மற்ற அட்சரேகைகள் அப்படி இல்லை. துருவத்தை நெருங்க நெருங்க அவை சிறுத்துக்கொண்டே போகின்றன. உருண்டையின் மேல் இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி, அவ்விரண்டையும் தொட்டுச் செல்லும் பெருவட்டத்தின் சிறிய துண்டுதான்.

ஓர் உலக உருண்டையும் ஒரு நூலும் இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். நூலின் ஒரு முனையைப் பின்லாந்தின் ஹெல்சின்கியிலும் மறு முனையை அலாஸ்காவின் ஆங்கரேஜிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். இரண்டு ஊர்களும் 60, 61 டிகிரி வடக்கு அட்சரேகையில், பூமியின் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அட்சரேகையை ஒட்டியே சுற்றிப் போனால் 9,500 கி.மீ. வரும். ஆனால் இழுத்துப் பிடித்த நூல் அப்படிப் போகாது. அது நேராக வட துருவத்தின் பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கும். அந்த வழியின் நீளம் சுமார் 6,500 கி.மீ. மூவாயிரம் கிலோமீட்டர் மிச்சம்.

தட்டையான வரைபடத்தில் இதைப் பார்த்தால் நம்பவே முடியாது. நாம் அதிகம் பார்க்கும் உலக வரைபடம் 1569-ல் மெர்கேட்டர் உருவாக்கிய முறையில் வந்தது. கப்பல் மாலுமிகளுக்காகச் செய்யப்பட்டது அது. திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு போனால் வரும் பாதை அதில் நேர்க்கோடாகத் தெரியும். அந்த வசதிக்கு விலையாக, துருவங்களுக்கு அருகில் இருப்பதெல்லாம் பெருத்துப்போகும். ஆப்பிரிக்காவில் பதினான்கில் ஒரு பங்குதான் கிரீன்லாந்து, ஆனால் அந்த வரைபடத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரியும். அப்படி இழுபட்ட படத்தில் உண்மையான குறுக்குவழி வில்லாக வளைந்து தெரிவதில் ஆச்சரியமில்லை. விமானத்தில் முன் இருக்கையின் திரையில் தெரியும் பாதையைப் பார்த்து, "ஏன் இப்படிச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்?" என்று பலரும் கேட்பார்கள். சுற்றுவதாகத் தெரிவது வரைபடத்தால்தான். தெற்கே இது தலைகீழாக இருக்கும்: சிலியின் சாண்டியாகோவிலிருந்து சிட்னிக்கு 11,300 கி.மீ.க்குச் சற்று மேல். அந்தப் பாதை அண்டார்டிகாவை நோக்கித் தொங்கி வளைந்து தெரியும்.

துருவத்துக்குப் பக்கத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. மாட்ரிட், நியூயார்க் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், 40.5 டிகிரி வடக்கில் இருக்கின்றன. நடுவே தீர்க்கரேகையில் 70 டிகிரி வித்தியாசம். நேர் மேற்கே பறந்தால் 5,930 கி.மீ. பெருவட்டத்தில் போனால் 5,760 கி.மீ. பாதி வழியில் பார்த்தால் விமானம் 46 டிகிரி அட்சரேகைக்கு ஏறியிருக்கும், அதாவது கிளம்பிய இடத்தைவிட 600 கி.மீ.க்கும் மேல் வடக்கே. அவ்வளவு வடக்கே போயும் 170 கி.மீ. குறைகிறது! எனக்கு இந்தக் கணக்கு எப்போது பார்த்தாலும் பிடிக்கும்.

கணக்கிடும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும், அதன் இருப்பிடமாக எடுத்துக்கொள்ளும் ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. அதன் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகியிருக்கும். இரண்டு புள்ளிகளும் பூமியின் மையத்தில் எவ்வளவு கோணம் ஏற்படுத்துகின்றன என்று ஹாவர்சைன் சூத்திரம் சொல்லும். அந்தக் கோணத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் 111 கி.மீ. என்று பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். ஒரே தீர்க்கரேகையில் இருக்கும் இரண்டு ஊர்களுக்குச் சூத்திரமே வேண்டாம். அட்சரேகை வித்தியாசத்தை 111-ஆல் பெருக்கினால் போதும்.

ஹாவர்சைன் பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள சரியான கோளமாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையானது: நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வின்சென்டி சூத்திரம் 1975-ல் வந்தது. இரண்டுக்கும் நடுவே வரும் வேறுபாடு அரை சதவீதத்தைத் தாண்டாது. ஆகவே நீண்ட பாதையில் இரண்டு கருவிகள் இருபது, முப்பது கி.மீ. முன்னே பின்னே காட்டினால் கவலைப்பட ஒன்றுமில்லை.

நூற்றுக்கணக்கில் வேறுபட்டால் மட்டும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது அலகு. விமானத் துறை கடல் மைலில் பேசும்; ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609 கி.மீ. 10,000 கி.மீ. என்பது 5,400 கடல் மைல், ஆனால் 6,214 சாதாரண மைல். வெறுமனே "மைல்" என்று போட்டிருந்தால் எந்த மைல் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, நிறுத்தங்கள். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. என்பதால் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே பெருவட்டத் தூரம் 20,000 கி.மீ.யைத் தாண்ட முடியாது. அதற்கு மேல் ஓர் எண் தெரிந்தால், நடுவில் இறங்கி மாறும் இடங்களையும் கூட்டிச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

பறக்கும் தூரம் ஏன் கூடுகிறது?

பெருவட்டம் ஒரு கணித வரம்பு. அதைவிடக் குறைத்துப் பறக்க முடியாது. கூடுதலாகப் பறக்கத்தான் முடியும். 2019 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனம் லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நிற்காமல் ஒரு சோதனைப் பயணம் நடத்தியது. பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 17,000 கி.மீ. பறந்தது சுமார் 17,800 கி.மீ.; எடுத்த நேரம் 19 மணி 19 நிமிடம்.

ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் கிளம்ப முடியும். பிறகு வகுக்கப்பட்ட வழிகளில் போக வேண்டும், இடி மேகங்களை விலக்க வேண்டும். இவற்றால் கூடுவது கொஞ்சம்தான். பெரிய மாற்றத்தைக் கொண்டுவருவது அரசியல். அதற்கு ஹெல்சின்கி–டோக்கியோ பாதையைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

இரண்டு நகரங்களுக்கும் இடையே சுமார் 7,800 கி.மீ.; குறுக்குவழி ரஷ்யாவின் மேல் போகிறது. 1983-ல் பின்லாந்தின் பின்னேர் விமான நிறுவனம் இந்தப் பாதையில் இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோது அது சோவியத் வான்வெளி. அதற்குள் நுழையாமல் வட துருவத்தைத் தாண்டி, பெரிங் நீரிணை வழியாக இறங்கினார்கள். 13 மணி நேரம் ஆனது. பின்னாளில் ரஷ்ய வான்வெளி திறந்ததும் அதே பயணம் ஒன்பது, ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கியது. 2022-ல் உக்ரைன் போரை ஒட்டி அந்த வான்வெளி மறுபடி மூடப்பட்டது. விமானங்கள் மறுபடி துருவத்தின் மேல் பறந்தன, நேரம் மறுபடி 13 மணி நேரத்துக்குப் போனது. இந்த நாற்பது ஆண்டுகளில் ஹெல்சின்கியும் நகரவில்லை, டோக்கியோவும் நகரவில்லை.

பாதுகாப்பு விதி இன்னொன்று. இரண்டு என்ஜின் விமானத்தில் ஒரு என்ஜின் நின்றுபோனாலும் மற்றதை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடைந்துவிட வேண்டும். ஒரு காலத்தில் அந்த எல்லை 60 நிமிடம். அதனால் பெருங்கடல்களின் நடுப்பகுதிக்குள் இரண்டு என்ஜின் விமானங்கள் போகவே முடியாமல் இருந்தது. என்ஜின்களின் நம்பகத்தன்மை கூடக்கூட இந்த எல்லையும் விரிந்தது. இன்று ஏர்பஸ் ஏ350 விமானத்துக்கு 370 நிமிடம் வரை ஒப்புதல் இருக்கிறது. தென்கோளத்தின் வெறுங்கடல் பாதைகள்கூட இரண்டு என்ஜின் விமானங்களுக்குத் திறந்தது இதனால்தான்.

காற்று

நேரத்தைப் பற்றிப் பேசும்போது நான் அதிகம் நின்று பேச விரும்புவது காற்றைப் பற்றித்தான். மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக நேரத்தை மாற்றுவது அதுதான், அதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை.

நீண்டதூர விமானங்கள் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில், ஒலியின் வேகத்தில் சுமார் 85 சதவீத வேகத்தில் பறக்கின்றன. அங்கே குளிர் மைனஸ் 56 டிகிரி அளவில் இருக்கும். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகத்தான் போகும், மணிக்குச் சுமார் 1,060 கி.மீ. அதில் 85 சதவீதம் என்றால் ஏறத்தாழ 900 கி.மீ. இந்த 900 என்பது விமானம் தன்னைச் சூழ்ந்த காற்றைக் கிழித்துப் போகும் வேகம். அந்தக் காற்று சும்மா நிற்பதில்லை. ஆற்றில் போகும் படகுக்கு நீரோட்டத்தின் வேகமும் சேர்ந்துகொள்வது போல, விமானத்துக்குக் காற்றின் வேகமும் சேரும் அல்லது கழியும். அப்படிச் சேர்த்துக் கழித்த பின் தரையைப் பொறுத்து வருவதுதான் தரைவேகம். தூரத்தைத் தரைவேகத்தால் வகுத்தால்தான் நேரம்.

அந்த உயரத்தில், நடு அட்சரேகைகளில், ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் வேகமான காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. வட கோளத்திலும் தென் கோளத்திலும் திசை இதேதான். மணிக்கு 150, 200 கி.மீ. வேகம் சாதாரணம், சில நாட்களில் 400-ஐயும் தாண்டும். வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையே உள்ள வெப்ப வித்தியாசம்தான் இதற்கு எரிபொருள் என்பதால் குளிர்காலத்தில் அது பலமாக இருக்கும். இதை முதலில் முறையாக அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வசபுரோ ஓயிஷி. 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று முடிவுகளை எஸ்பெராண்டோ என்ற, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட செயற்கை மொழியில் வெளியிட்டார்; ஜப்பானுக்கு வெளியே படித்தவர்கள் மிகக் குறைவு. இரண்டாம் உலகப்போரில் உயரப் பறந்த விமானிகள் அந்தக் காற்றில் மாட்டிய பிறகுதான் அது பரவலாகத் தெரியவந்தது.

முதலில் சொன்ன 4 மணி 56 நிமிடப் பயணம் இந்தக் காற்றின் முதுகில் நடந்ததுதான். அட்லாண்டிக்கின் மேல் வீசிய புயலால் ஜெட் ஸ்ட்ரீம் மிகப் பலமாக இருந்த இரவு அது. விமானத்தின் தரைவேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. அப்படியென்றால் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதா? இல்லை. சூழ்ந்த காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது, காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

போகும்போது கிடைக்கும் லாபமும் வரும்போது வரும் நஷ்டமும் சரிக்குச் சரியாகிவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5,400 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம். காற்றே இல்லையென்றால் போக ஆறு மணி, வர ஆறு மணி, மொத்தம் பன்னிரண்டு. இப்போது 100 கி.மீ. வேகத்தில் காற்று வீசுகிறது என்று வையுங்கள். காற்றோடு போனால் வேகம் 1,000. 5 மணி 24 நிமிடம். எதிர்த்து வந்தால் 800. 6 மணி 45 நிமிடம். கூட்டினால் 12 மணி 9 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் சிக்கியிருப்பதால் காற்று எப்போதும் கொஞ்சம் நஷ்டத்தையே தரும்.

அதாவது, இரண்டு பக்கமும் ஒரே வழியில் போனால்தான் அந்த நஷ்டம். வழியை மாற்றிக்கொண்டால் காற்றிடமிருந்து லாபத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும். ஏர் இந்தியா 2016 அக்டோபரில் இதைத்தான் செய்தது. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பெருவட்டத் தூரம் 12,400 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதுவரை மேற்கே அட்லாண்டிக் வழியாக ஏறத்தாழ 13,900 கி.மீ. பறந்துகொண்டிருந்தார்கள், எதிர்க்காற்றில். அதை விட்டுவிட்டுக் கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். அந்த வழி சுமார் 15,300 கி.மீ.; பழைய வழியைவிட 1,400 கி.மீ. அதிகம். ஆனால் பின்னிருந்து தள்ளும் காற்றில் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாக. அதிக தூரம், குறைந்த நேரம். தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதற்கு மேல் ஒரு சான்று தேவையில்லை. திரும்பும்போதும் கிழக்கே பார்த்து அட்லாண்டிக் வழியாக வந்தால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிடலாம். சிங்கப்பூர்–நியூயார்க் விமானமும் பல நாட்களில் போகும்போது பசிபிக் வழியாகவும் வரும்போது அட்லாண்டிக் வழியாகவும் பறக்கிறது, 15,300 கி.மீ.க்கும் மேல் நீளமான, உலகின் மிக நீண்ட இடைநில்லாச் சேவை அது.

இங்கே பலருக்கும் வரும் ஒரு சந்தேகத்தையும் பார்த்துவிடலாம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே, அப்படியானால் மேற்கே பறக்கும் விமானத்தை நோக்கி ஊரே நகர்ந்து வருமே, நேரம் குறைய வேண்டாமா? பூமியோடு சேர்ந்து அதன் காற்று மண்டலமும் சுழல்கிறது. தரையில் நிற்கும்போதே விமானமும் அந்தச் சுழற்சியில் பங்கெடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. காற்று மட்டும் சுழலாமல் நின்றுவிட்டால் நிலநடுக்கோட்டில் மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் புயல் அடித்துக்கொண்டே இருக்கும். சுழற்சிக்கு மறைமுகமாக ஒரு பங்கு இருப்பது உண்மைதான்: துருவத்தை நோக்கிப் போகும் காற்றைக் கிழக்கே திருப்பிவிட்டு ஜெட் ஸ்ட்ரீமை உண்டாக்குவதில் அதற்குக் கை இருக்கிறது. ஆனால் விமானம் உணர்வது காற்றைத்தான்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம்

அட்டவணையில் போட்டிருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. புறப்படும் கேட்டில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருக்கும் கட்டையை எடுக்கும் கணத்திலிருந்து, சேரும் கேட்டில் மறுபடி கட்டை வைக்கும் கணம் வரை உள்ள நேரம் அது. இதைத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பின் கேட்டைத் தேடிப் போவது எல்லாம் இதற்குள் அடக்கம். பெரிய விமான நிலையங்களில் இதற்கே அரை மணி நேரம் போய்விடும்.

மேலே ஏறிய உடனே 900 கி.மீ. வேகம் வந்துவிடாது. 10,000 அடிக்குக் கீழே பல நாடுகளில் 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ. என்று வேக வரம்பு உண்டு. முழு உயரத்துக்கு ஏற 20, 25 நிமிடம் ஆகும். இறக்கம் சேருமிடத்துக்கு ஏறத்தாழ 200 கி.மீ. முன்னாலேயே தொடங்கிவிடும். ஹீத்ரோ போன்ற நெரிசலான இடத்தில் இறங்குவதற்கு முன் சில சுற்று வானில் வட்டமடிக்கவும் நேரலாம். நீண்ட பயணத்தில் இதெல்லாம் பெரிதாகத் தெரியாது; 400 கி.மீ. பயணத்திலோ மொத்த நேரத்தில் பெரும்பகுதியை இவையே தின்றுவிடும். குறுகிய பயணத்துக்குத் தூரத்தை 900-ஆல் வகுத்துப் பார்த்து ஏமாறுவது இதனால்தான்.

இதற்கு மேல் நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நேரத்தையும் சேர்த்துப் போடுகின்றன. அறிவித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் "சரியான நேரம்" என்று கணக்கு வைப்பது துறையில் வழக்கம். அந்தக் கணக்கு நன்றாக இருக்க வேண்டுமே. நீங்கள் போகும் விமானம் தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு இறங்கினால், பெரும்பாலும் இந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டதாகத்தான் இருக்கும்.

சரி, கையால் ஒரு மதிப்பீடு போட என்ன வழி? பெருவட்டத் தூரத்தை 850-ஆல் வகுத்து, 45 நிமிடம் கூட்டுங்கள். இதை ஒரு மோட்டாக் கணக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்–லண்டனுக்கு ஏழே கால் மணி வருகிறது. உண்மையில் ஒரு பக்கம் ஏழு, மறு பக்கம் எட்டு. டோக்கியோ–லாஸ் ஏஞ்சலஸ் சுமார் 8,800 கி.மீ.; கணக்கு பதினொரு மணி நேரம் என்கிறது. கிழக்கே போகும்போது பத்து மணி நேரமும் திரும்பும்போது பதினொன்றரைக்கு மேலும் ஆகும். ஆகவே கிழக்கே போனால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், மேற்கே போனால் கூட்டிக்கொள்ளுங்கள். வடக்கு–தெற்குப் பயணத்துக்கு இந்தத் திருத்தம் அவ்வளவாகத் தேவைப்படாது.

கடிகாரம் சொல்வது

டிக்கெட்டில் புறப்படும் நேரம் கிளம்பும் ஊரின் நேரம், சேரும் நேரம் போய் இறங்கும் ஊரின் நேரம். இரண்டையும் நேரே கழித்தால் பயண நேரம் கிடைக்காது. பாதுகாப்பான வழி, இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு, அதாவது யுடிசிக்கு மாற்றிவிட்டுக் கழிப்பது. டோக்கியோ யுடிசியைவிட 9 மணி நேரம் முன்னால். லாஸ் ஏஞ்சலஸ் குளிர்காலத்தில் 8 மணி நேரம் பின்னால். டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பினால் யுடிசி காலை 8. பத்து மணி நேரம் பறந்தால் யுடிசி மாலை 6. லாஸ் ஏஞ்சலஸில் அது அதே நாள் காலை 10 மணி. கிளம்பிய நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்னாலேயே இறங்கியாயிற்று.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் நாடுகள் இருக்கின்றன, ஜப்பான் போலத் தள்ளாத நாடுகளும் இருக்கின்றன. இந்தியாவுக்கு ஐந்தரை மணி, நேபாளத்துக்கு ஐந்தே முக்கால் மணி என்று முழு மணியில் முடியாத மண்டலங்களும் உண்டு. பயணத் தேதியில் எந்த நேரம் நடப்பில் இருக்கும் என்பதைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

தேதிக்கோட்டின் வேலையை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் பசிபிக்கில் சமோவாவின் ஆப்பியாவிலிருந்து அமெரிக்கச் சமோவாவின் பாகோ பாகோவுக்குப் போகும் சின்ன விமானத்தைப் பாருங்கள். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான், முக்கால் மணி நேரம்கூட ஆகாது. 2011 இறுதியில் சமோவா தேதிக்கோட்டின் மறுபக்கம் மாறிக்கொண்டதால் இரண்டு ஊர்களுக்கும் இப்போது சரியாக 24 மணி நேர வித்தியாசம். சனிக்கிழமை காலை கிளம்பினால் வெள்ளிக்கிழமை காலை இறங்குவீர்கள்.

நடுவில் மாறிப் போனால்

இடையில் ஓரிடத்தில் இறங்கி மாறினால் தூரம் மிகவும் கூடிவிடும் என்று எண்ணத் தோன்றும். எங்கே மாறுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. லண்டன்–சிங்கப்பூர் சுமார் 10,880 கி.மீ., சிங்கப்பூர்–சிட்னி சுமார் 6,300. கூட்டினால் லண்டன்–சிட்னி நேர்த்தூரத்தைவிட 200 கி.மீ.கூட அதிகமில்லை, ஏனென்றால் சிங்கப்பூர் அந்தப் பெருவட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கூடுவது நேரம்தான்: ஓர் இறக்கம், ஓர் ஏற்றம், இடையில் காத்திருப்பு. அதனால் இரண்டு வழிகளை ஒப்பிடும்போது கிலோமீட்டரைப் பார்க்காமல் மொத்த நேரத்தைப் பாருங்கள். "டைரக்ட்" என்று போட்டிருந்தால் இடையில் நிற்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே விமான எண்ணில் நடுவில் நின்று போவதையும் அப்படிச் சொல்வதுண்டு. நிற்காமல் போவது "நான்-ஸ்டாப்".

இவ்வளவையும் ஒரே பாதையில் சோதித்துப் பார்க்க, ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டனுக்குப் போகும் பாதை நல்ல இடம். குவாண்டாஸ் 2018 மார்ச்சில் தொடங்கிய இடைநில்லாச் சேவை, சுமார் 14,500 கி.மீ. 850-ஆல் வகுத்து 45 நிமிடம் கூட்டினால் பதினேழே முக்கால் மணி நேரம் வருகிறது. பெர்த் யுடிசியைவிட 8 மணி நேரம் முன்னால். மாலை 7 மணிக்குக் கிளம்பினால் யுடிசி காலை 11. பதினேழே முக்கால் கூட்டினால் மறுநாள் அதிகாலை 4.45, குளிர்காலத்தில் லண்டன் நேரமும் அதுவே. கோடையென்றால் 5.45. 2024 ஆகஸ்டில் மத்திய கிழக்கில் பதற்றம் கூடியபோது ஈரானின் வான்வெளியைத் தவிர்க்க வேண்டிவந்தது. பாதை நீண்டது, மேற்கே எதிர்க்காற்றில் அந்தக் கூடுதல் தூரத்தையும் தாங்கும் அளவுக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டு, எல்லாப் பயணிகளையும் ஏற்றிப் போக முடியவில்லை. தற்காலிகமாகச் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிப் போனார்கள். லண்டனிலிருந்து பெர்த்துக்குத் திரும்பும் விமானம் மட்டும் எங்கும் நிற்காமலே பறந்தது, ஏனென்றால் அந்தத் திசையில் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது.